கொழும்புக்குள் போகாமல் பாணந்துறைக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 150 சீசீ மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பாணந்துறையில் தொழில் செய்யும் தம்பியின் வீட்டுக்கு மனைவியையும் ஏற்றிக்கொண்டு அதிலேயே போய்வர விரும்புகிறேன். கைத்தொலைபேசி வரைபடமோ ஹபரணை, குருநாகல் வழியாகப் போய் அதிவேகப் பாதையில் ஏறி, கொழும்பின் வெளிப்புறத்தால் சுற்றிப் போகச் சொல்கிறது. இரவு 11 மணிக்கே புறப்பட்டால் நெரிசல் தொடங்குமுன் கொழும்பைத் தாண்டிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வரைபடம் காட்டுவது காருக்குரிய வழி. நமது நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மீரிகம – குருநாகல் பகுதிக்கும், கடவத்தை வழியாகக் கொழும்பைச் சுற்றிவரும் பாதைக்கும், தெற்கு அதிவேகப் பாதைக்கும் இதே விதிதான். கட்டண வீதிகளைத் தவிர்க்குமாறு வரைபடத்தில் மாற்றிவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள். அது உங்களைக் கண்டி வீதியில் நிட்டம்புவை, யக்கலை, கடவத்தை, கிரிபத்கொடை என்று ஒவ்வொரு சந்தியாக இழுத்துக் கொழும்புக்குள் கொண்டுபோய், அங்கிருந்து காலி வீதியில் தெஹிவளை, மொறட்டுவை ஊடாகப் பாணந்துறையில் விடும். எதற்கு அஞ்சினீர்களோ அந்த நெரிசல் முழுவதையும் அனுபவித்த பிறகுதான் தம்பியின் வீட்டுப் படலையைக் காண்பீர்கள்.

நண்பர்களின் யோசனையை நான் அதைவிட ஆபத்தானதாகக் கருதுகிறேன். கிழக்கிலிருந்து நள்ளிரவில் புறப்படுபவர் கொழும்பு நெரிசலிலிருந்து தப்புவதற்காக, வெலிக்கந்தை – மன்னம்பிட்டிப் பகுதியையும் மின்னேரியா – ஹபரணைக் காட்டுப் பகுதியையும் இருட்டில் கடக்க நேரிடுகிறது. இரண்டும் யானைகள் வீதியைக் குறுக்கறுக்கும் இடங்கள். காரில் போகிறவரைச் சுற்றித் தகரமாவது இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் மனைவிக்கு அதுவும் இல்லை. யானை வராவிட்டாலும் மாடுகள் இருக்கின்றன. மழைவிட்ட இரவுகளில் அவை சூடு தேடித் தார் வீதியிலேயே படுத்துவிடும்; கறுத்த எருமை ஒன்று முன்விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடிப்பதற்கு இடமிருக்காது. நெரிசலில் மாட்டுப்பட்டால் இரண்டு மணித்தியாலம் வீணாகும், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கொழும்பை நினைக்கவே தேவையில்லை. உங்கள் வீட்டைத் தாண்டிச் செல்லும் ஏ-4 வீதியே பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. அதை இரத்தினபுரியில் விட்டு, இங்கிரிய, ஹொரணை வழியாகச் செல்லும் ஏ-8 வீதியைப் பிடித்தால் அது நேரே பாணந்துறையில் முடியும். தலைநகரின் ஒரு சந்தியைக்கூட நீங்கள் காணமாட்டீர்கள். சுற்றுவழி என்று மனைவி முறையிட்டால், தூரத்தைக் கூட்டிக் காட்டுங்கள்: ஹபரணை வழியும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் 350 கிலோமீற்றரைச் சுற்றியே வரும். மலை ஏறி இறங்குவதால் இந்த வழியில் நேரம் கூடுதலாகும் என்பது உண்மை. ஆகையால் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் பலாங்கொடையில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள்.

கல்முனையைக் கடந்ததும் காரைதீவில் அம்பாறைப் பக்கம் திரும்பி, அம்பாறையிலிருந்து தமனை வழியாகச் சியம்பலாண்டுவைக்குப் போனால் பொத்துவில் சுற்று மிச்சமாகும். லாகுகலைக் காட்டையும் தவிர்த்துவிடலாம். ஆனால் தமனைக்கு அப்பாலும் யானை வரும் என்பதால், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, காலை ஆறரை மணியளவில் வீட்டிலிருந்து புறப்படுவது போதும். வீதியில் யானை நிற்கக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்கவோ விளக்கை அணைத்து அணைத்துப் போடவோ வேண்டாம். பஸ்ஸோ லொறியோ வரும்வரை பொறுத்திருந்து அதன் பின்னால் கடப்பதே இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம்.

அறுவடைக் காலமென்றால் இன்னொன்றும் உண்டு. நமது மாவட்டங்களின் வீதியோரங்களில் நெல் காயப்போட்டிருப்பார்கள். பரவிய நெல்மணியின் மேல் முன்சில்லு ஏறியபின் பிரேக்கைத் தொட்டால் மணலில் வழுக்குவதைவிட மோசமாக வழுக்கும். நெல்லின் மேல் வாகனம் ஏறாமலிருக்க ஓரத்தில் அடுக்கியிருக்கும் கற்களையும், எதிரே வருபவர் அவற்றை விலத்த உங்கள் பக்கம் வருவதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

வெல்லவாயவில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாமதிக்காமல் மலை ஏறுங்கள். கொஸ்லந்தைக்குக் கிட்ட 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும்; நின்று பார்க்கலாம், ஆனால் நெடுநேரம் வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடிமழை வந்துவிடுவதுண்டு, பெரகலைப் பக்கத்து மூட்டமும் அப்போதுதான் இறங்கும். பெரகலையிலிருந்து ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா வரை நீண்ட இறக்கம். பெற்றோல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம் நம்மவர் பலருக்கு உண்டு. இரண்டு பேரும் பையும் ஏறிய வண்டியை அப்படி உருட்டினால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். இரண்டாம், மூன்றாம் கியரில் என்ஜினே வண்டியைத் தாங்கட்டும். புறப்படுவதற்கு முன் பிரேக் கட்டையையும் பின் டயரையும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மறுநாள் பாதை எளிது. இரத்தினபுரி நகரத்திலும் ஹொரணையிலும் மட்டும் கொஞ்சம் ஊர வேண்டியிருக்கும். பாடசாலைகள் விடும் பகல் ஒன்றரை மணிக்கு முன்பே ஹொரணையைத் தாண்டுமாறு பார்த்துக்கொண்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: நான் நீர்கொழும்புக்குப் போக வேண்டும். ஏ-4 வீதி எனக்குச் சுற்று. குருநாகல் வரை போனபின் கொழும்புப் பக்கம் இறங்காமல் வழி உண்டா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: உண்டு. குருநாகலிலிருந்து நாரம்மலை, கிரிஉல்லை, திவுலப்பிட்டி வழியாகச் செல்லும் வீதி நேரே நீர்கொழும்புக்குப் போகிறது. கண்டி வீதியைத் தொடவே வேண்டாம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் வீதி அது. வளைவுகளில் பஸ்கள் நடுக்கோட்டைத் தாண்டி வருவதால் வேகத்தை அடக்கி ஓட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் பயணம் என்றால் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடியிருக்கிறதா என்று முதல்நாளே பொலன்னறுவைக்குப் போய்வந்த பஸ் சாரதி ஒருவரிடம் கேளுங்கள். அங்கே ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிப் போன காலம் 2007 இல் புதிய பாலம் வந்ததோடு முடிந்தது. ஆனாலும் மகாவலி பெருகினால் பாலத்துக்கு வரும் வீதி இன்னும் தண்ணீருக்குள் போகிறது.

கேள்வி: வெள்ளவத்தையில் வைத்தியரைப் பார்க்க வேண்டியிருப்பதால் கொழும்புக்குள் போகாமல் என்னால் இருக்க முடியாது. எந்த நேரம் நல்லது?
– வாசகி, கல்லடி

பதில்: ஞாயிறு காலை. அன்று பாடசாலையும் இல்லை, அலுவலகமும் இல்லை. சனிக்கிழமை பகல் புறப்பட்டு, பொழுது சாயுமுன் குருநாகலில் தங்கி, ஞாயிறு அதிகாலை வெளிச்சத்தோடு புறப்பட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வெள்ளவத்தைக்குப் போய்விடலாம். வைத்தியர் கிழமை நாளில்தான் பார்ப்பாரென்றால் ஞாயிறே போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். நகரத்துக்குள் வந்தபின் கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதியில் போகாமல், அதற்குச் சமாந்தரமாகக் கடலோரம் செல்லும் மெரைன் டிரைவைப் பிடியுங்கள். திரும்பி வருவதற்கு மட்டும் மாலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.