குடிபோதையில் வாகனம் ஓட்டுவோருக்கான தண்டப்பணத்தை உயர்த்தினால் போதாதா?

போதாது என்பதே என் கருத்து. நம் இலங்கைச் சட்டம் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோலை எல்லையாக வைத்திருக்கிறது. இந்தியாவில் அது 30 மட்டுமே. உலக சுகாதார நிறுவனமோ, பொதுவான சாரதிகளுக்கு 50, இளம் சாரதிகளுக்கு 20 என்று பரிந்துரைக்கிறது. எல்லையைக் குறைக்கத்தான் வேண்டும்.

ஆயினும் ஒரு சாரதியைத் தடுத்து நிறுத்துவது தண்டனையின் கடுமையை விட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் எழுமாற்றான சுவாசப் பரிசோதனை தொடங்கியபோது, தள்ளாடி ஓட்டுபவரை மட்டுமன்றி, எந்தச் சந்தேகமும் எழாத சாரதிகளையும் நிறுத்திச் சோதித்தார்கள். அதன் பின் அங்கு வீதி மரணங்கள் கணிசமாகக் குறைந்தன.

கொழும்பில் இந்த நிச்சயம் எளிதில் கரைந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பொலிஸார் கைவிளக்குடன் நிற்பதைத் தூரத்திலேயே கண்ட ஒருவர், குறுக்கு ஒழுங்கையொன்றில் திரும்பி, காலி வீதிக்கு இணையாகக் கடலோரம் செல்லும் மரைன் டிரைவ் வழியாக வீடு போய்ச் சேரலாம். ஆகவே சோதனை இரண்டு வீதிகளிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இடமும் நேரமும் நாளுக்கு நாள் மாற வேண்டும். பண்டிகைக் காலத்தோடு நின்றுவிடவும் கூடாது. (காலையில் எழுந்து ஓட்டுபவரின் இரத்தத்திலும் முந்தைய இரவின் மது மிஞ்சியிருக்கலாம் என்பதைப் பலர் எண்ணுவதேயில்லை.) பிடிபட்டவருக்குத் தண்டப்பணத்தை விட உறைப்பது சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படுவதுதான், ஏனெனில் வசதியுள்ளவர் பணத்தைக் கட்டிவிட்டு மறுநாளே வாகனத்தை எடுத்துவிடுவார்.