ஏடிவியில் நாய்ப் பெட்டி: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

திருகோணமலை உப்புவெளியில் வெல்டிங்கும் அலுமினிய வேலையும் செய்கிறேன். தோட்டக்காரர் சிலருக்கு ஏடிவியின் (காடு மேடெல்லாம் ஓடும் நான்கு சில்லு மோட்டார் வண்டி) பின் ராக்கில், அதாவது சாமான் வைக்கும் கம்பித் தட்டில், பூட்டுகிற நாய்ப் பெட்டி செய்து கொடுத்துப் படம் போட்டதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. வந்தவற்றை எடுத்து இங்கேயே பதில் எழுதுகிறேன். என் வேலைக்குள் வருவதை விரிவாகச் சொல்வேன், வராததற்கு யாரைக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன், இடையிலும் சொல்வேன், யாரும் கோபிக்க வேண்டாம்: வண்டி நின்றால் நாயை இறக்கிவிடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: அண்ணா, என்னிடம் இரண்டு ஊர் நாய்கள். காலையில் ஏடிவியில் தோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நானே பெட்டி அடிக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன அளவு, எதில் அடிப்பது?

தம்பி, பலகையை வாங்க முதல் வண்டியைப் பாருங்கள். ராக்கிலோ மட்கார்டிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பின் ராக் எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் இருக்கும். வண்டிக்கு வண்டி அது மாறும். நடுத்தர வண்டி என்றால் 40 கிலோவிலிருந்து 80 கிலோ வரை எதுவும் இருக்கலாம். அந்தக் கணக்குக்குள் பெட்டி, நாய், திருகாணி, தண்ணீர்க் கலன் எல்லாம் அடங்க வேண்டும். நாயின் எடையை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியின் எடையை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு பெட்டி என்றால் ஆறு பக்கமும் சேர்த்து 32 சதுர அடி. அதாவது 8க்கு 4 பிளைவூட் ஒன்று முழுதாகப் போய்விடும். 12 மில்லிமீட்டர் பிளைவூட் ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிலோ. ஊர் நாய் ஒன்று 15 கிலோ, கொஞ்சம் கொழுத்தது என்றால் 20. இரண்டு நாயும் பெட்டியுமாக 50, 60 கிலோ வந்துவிடும். சில வண்டிகளுக்கு அதுவே எல்லை. அதே அளவை 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில், ஓரங்களுக்கு ஓரங்குல எல் வடிவ ஆங்கிள் போட்டுச் செய்தால் 15 கிலோவுக்குள் முடிக்கலாம். 9 மில்லிமீட்டர் பிளைவூட்டும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் மூலைகளில் சட்டம் அடிக்காவிட்டால் குலுக்கலில் பிரிந்துவிடும்.

நாயை நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளவெடுங்கள், பிறகு தலை நிமிர்ந்து நிற்கும்போது உயரத்தை அளவெடுங்கள். நாய் உட்காரவும், படுக்கவும், திரும்பவும் முடிய வேண்டும், அவ்வளவு போதும். விமானத்தில் அனுப்புகிற கூடு மாதிரி தாராளமாகச் செய்தால் வளைவில் நாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மோதும். பெட்டியின் நீளப் பக்கம் வண்டிக்குக் குறுக்காக வரட்டும், கதவு பின்பக்கம். எக்காரணம் கொண்டும் சில்லுகளின் வெளி ஓரத்தைத் தாண்டி நீட்ட வேண்டாம், வேலிக் கம்பியில் கொளுவும்.

பாரம் முடிந்தவரை முன்னுக்கு, உங்கள் இருக்கையை ஒட்டி வர வேண்டும். ராக்கின் கடைசிக் கம்பிக்கும் பின்னால் பெட்டி தொங்கினால் குளக்கட்டில் ஏறும்போது முன் சில்லு மண்ணை விட்டு எழும்பும். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அது பின்னுக்குக் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது புகைக் குழாய். அது எந்தப் பக்கம் முடிகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கீழ்ப்பாதியில் துளை போடாதீர்கள். மற்றப் பக்கங்களில் தாராளமாகப் போடுங்கள், சுவர்களின் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். வட்டமாகத் துளை வெட்டும் ஹோல்சோவில் 2 அங்குலத் துளைகளாகப் போட்டு ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாய் அங்கேதான் மூக்கை வைத்து வெட்டிக்கொள்ளும். தரையில் மூலைக்கு ஒரு சின்னத் துளை, தண்ணீர் இறங்க. மேலே ரப்பர் விரிப்பு. சாக்கு வேண்டாம், சாக்கோடு சேர்ந்து நாயும் வழுக்கும்.

கிண்ணியாவிலிருந்து: இதே பெட்டியில் ஆட்டுக்குட்டி ஏற்றலாமா?

ஏற்றலாம் நானா. ஆனால் ஆடு தலையை எந்தத் துளைக்குள்ளும் விட்டுப் பார்க்கும். வட்டத் துளைக்குப் பதில் வெல்ட்மெஷ் கம்பி வலை போடுங்கள். ஆட்டைப் பற்றி இதற்கு மேல் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

உவர்மலையிலிருந்து: நாய் பெட்டியிலிருந்து வெளியே குதிக்கப் பார்த்தால் கழுத்துப் பட்டியை உள்ளே ஒரு வளையத்தில் கட்டி வைக்கலாமா?

கூடாது அக்கா. பெட்டிக்குள் கழுத்தில் கயிறு போடவே கூடாது. ஒரு குழியில் வண்டி விழுந்து எழும்பும்போது நாய் புரண்டால் அந்தக் கயிறு இறுகும், முன்னால் இருக்கும் உங்களுக்குத் தெரியவும் வராது. கதவு ஒழுங்காகப் பூட்டினால் கட்டத் தேவையே இல்லை. கதவுக்கு இரண்டு கொண்டி போடுங்கள், ஒன்று அதிர்வில் கழன்றாலும் மற்றது நிற்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நெஞ்சுப் பட்டி வாங்குங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: கச்சான் காற்றுக் காலத்தில் பெட்டிக்குள் எவ்வளவு நேரம் விடலாம்?

ஓடிக்கொண்டிருந்தால் காற்று உள்ளே போய் வெளியே வரும், சூடு அவ்வளவு தங்காது. நின்றால் கதை வேறு. நாயின் உடல் சூடு சாதாரணமாகவே 38, 39 பாகை செல்சியஸ். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அதற்குப் பாதத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பெட்டிக்குள் காற்று ஓடாமல் சூடாகிவிட்டால் இளைத்தும் பயனில்லை. 41 பாகைக்கு மேல் உடல் சூடு ஏறினால் உயிருக்கே ஆபத்து. வைகாசியிலிருந்து ஆவணி வரை நம் பக்கத்து மத்தியான வெயிலில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. ஆகவே நிமிடக் கணக்குத் தரமாட்டேன். தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் நாயை இறக்குங்கள். பக், புல்டோக் மாதிரி மூக்குச் சப்பின நாய் என்றால் பகலில் ஏற்றவே வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து, தச்சுவேலை செய்யும் ஒருவர்: தம்பி, அலுமினியத்தை விற்பதற்காகப் பலகையைக் குறை சொல்லாதேயும். வெயிலில் அலுமினியத்தில் கை வைத்துப் பாரும். பலகை சுடாது.

அண்ணை சொல்வதில் பாதி உண்மை, அதை நான் மறுக்கவில்லை. வெறும் அலுமினியத் தகட்டுக் கூரை வெயிலில் நின்றால் அப்பம் சுடலாம். அதனால்தான் நான் செய்கிற எல்லாவற்றுக்கும் கூரை இரண்டு தட்டு, நடுவில் ஓர் அங்குல இடைவெளி, மேல் தட்டுக்கு வெள்ளை பெயின்ட். வெயில் மேல் தட்டோடு நிற்கும், இடைவெளியில் காற்று ஓடும். பலகைப் பெட்டிக்கும் இதைச் செய்யலாம், செய்தால் நல்லது.

பலகையில் எனக்குள்ள பிரச்சினை சூடு அல்ல, உண்ணி. நாயில் இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி அங்கேயே முட்டை இடாது. இறங்கி, பக்கத்தில் ஒரு வெடிப்போ பொருத்தோ தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பலகைப் பெட்டியின் மூலைகள் முழுக்க அதற்கு வீடு. அலுமினியப் பெட்டியைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டால் முடிந்தது.

மீண்டும் தம்பலகாமம்: பொருத்துகளை ரெசின் ஊற்றி மூடினால் உண்ணி எங்கே போகும்? மீன்பிடி வள்ளம் பலகையில் ரெசின் பூசித்தானே கடலில் ஓடுகிறது.

சரி, அண்ணை. உள் மூலை எல்லாவற்றிலும் ஃபைபர் நாடாவும் ரெசினும் போட்டால் நானும் ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல பெட்டி. ஆனால் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? பிளைவூட்டை ஆணி அடித்துவிட்டுக் கறுப்பு ஒயில் பூசுகிறவர்கள்தான் என்னிடம் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். கழிவு எஞ்சின் ஒயிலை நாய்ப் பெட்டிக்குப் பூசாதீர்கள். நாய் நக்கும், பாதத்தில் ஒட்டும், பாதத்தையும் நக்கும். சொறி பிடித்த நாய்க்கே அதைப் பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதையும் நிறுத்துங்கள். கறையானுக்கு மருந்தேற்றிய பலகையும் வேண்டாம், கடிக்கிற நாய் கடிக்கத்தான் செய்யும்.

இடையில் புகுந்த ஒருவர், குச்சவெளி: இரண்டு பேரும் சண்டை பிடிக்க வேண்டாம். நீல பரல் ஒன்றை அறுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

சிரிக்க வேண்டாம், இது மோசமான யோசனை இல்லை. 200 லீட்டர் பிளாஸ்டிக் பரல் ஏறக்குறைய 23 அங்குல விட்டம், 3 அடிக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், எடை 10 கிலோவுக்குள். துருப்பிடிக்காது, மழை மேலே நிற்காது, மூலை குறைவு என்பதால் உண்ணிக்கும் இடம் குறைவு. ஒரு நாய்க்கு அளவானது. இரண்டு வேலை மட்டும் இருக்கிறது: உள்ளே தட்டையான தரை போட வேண்டும், கீழே மரத் தொட்டில் மாதிரி ஒரு தாங்கி அடித்து ராக்கில் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உருளும். அதைவிட முக்கியம், பரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். கிருமிநாசினியோ அசிட்டோ இருந்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சாப்பாட்டுச் சாமான் வந்த பரலாகப் பாருங்கள்.

தம்பலகாமம்: பரல் பெட்டியாகுமா? வேலை தெரிந்தவன் செய்கிற வேலையா அது?

நாய்க்கு அது கவலை இல்லை அண்ணை. இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சீனக்குடாவிலிருந்து: பெட்டியை ரப்பர் கயிறு போட்டுக் கட்டினால் போதாதா? கழற்றவும் சுகம்.

போதாது. ரப்பர் இழுபடும், பெட்டி துள்ளும், துள்ளத் துள்ள கயிறு தளரும். நான்கு மூலையிலும் யூ போல்ட் போடுங்கள், பெட்டியின் உள்பக்கம் ஒரு தகட்டுத் துண்டு வைத்து இறுக்குங்கள், நைலோன் பிடிப்புள்ள நட் போடுங்கள். யூ போல்ட்டின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டித் தேயுங்கள். அடிக்கடி கழற்ற வேண்டும் என்றால் நெம்பி இறுக்குகிற ரட்செட் பட்டி இரண்டு, அதுவும் ராக்கின் கம்பியில், பிளாஸ்டிக் மட்கார்டில் அல்ல.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சில்வர் மினுங்குகிற சாதாரண போல்ட் உப்புக் காற்றில் ஒரு வாடைக் காலம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அதை நேரடியாக அலுமினியத்தில் இறுக்கினால் உப்பு ஈரத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், நடுவில் நைலோன் வாசர் போட்டால் நிற்கும்.

பாலையூற்றிலிருந்து: வெயிலில் நிறுத்தினால் எத்தனை நிமிடம்...

மேலே சாம்பல்தீவுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இறக்குங்கள்.

பன்குளத்திலிருந்து: எங்கள் பக்கம் யானை வரும். பெட்டியில் நாய் இருந்தால் குரைத்து விரட்டும்தானே?

ஐயா, தயவுசெய்து அந்த நம்பிக்கையில் போக வேண்டாம். நாய் குரைத்துக்கொண்டு யானையிடம் போகும், யானை திரும்பினால் நாய் ஓடிவருவது உங்களிடம்தான். யானை கண்ணில் பட்டால் கதவைத் திறக்காமல் வண்டியைத் திருப்புங்கள். விடியற்புறமும் பொழுதுபட்ட பிறகும் அந்தப் பாதையில் நாயோடு போவதையே தவிர்த்தால் நல்லது.

பெயர் போடாத ஒருவர்: பன்றி வேட்டைக்கு நாலு நாய் கொண்டுபோகப் பெட்டி செய்து தருவீர்களா?

நாலு நாயும் பெட்டியும் சேர்ந்தால் பெரும்பாலான ஏடிவி ராக்குகளின் எல்லையைத் தாண்டிவிடும். மற்றதை வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மூதூரிலிருந்து: ஏடிவி இல்லை, மோட்டார் சைக்கிள்தான். கரியரில் இதே பெட்டியை வைக்கலாமா?

வைக்க வேண்டாம். ஏடிவிக்கு நான்கு சில்லு, நாய் உள்ளே அசைந்தாலும் வண்டி நிற்கும். மோட்டார் சைக்கிளில் பின்னால் உயரத்தில் 15 கிலோ உயிர்ப் பாரம் திடீரென ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலில் பிடிக்க முடியாது. மிருக வைத்தியரிடம் போவதற்குத்தான் என்றால் முச்சக்கர வண்டி பிடியுங்கள், தோட்டத்துக்கு என்றால் லேண்ட்மாஸ்டரின் (இரு சில்லு உழவு இயந்திரம்) பின்னால் இழுக்கும் பெட்டியின் மூலையில் இந்த நாய்ப் பெட்டியைக் கட்டி வைக்கலாம், அதில் இடமும் உண்டு, வேகமும் இல்லை.

மட்டிக்களியிலிருந்து: நாய் பெட்டிக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டால் கடிக்க வருகிறது.

தூக்கிப் போட்டால் நானும் கடிப்பேன். பெட்டியைக் கழற்றி முற்றத்தில் நிழலில் வையுங்கள், கதவைத் திறந்தே விடுங்கள், சோற்றை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவைக் கொஞ்ச நேரம் சாத்துங்கள். அப்புறம் ராக்கில் ஏற்றி எஞ்சினைப் போடாமல் வையுங்கள், பிறகு எஞ்சினைப் போட்டு, வண்டியை ஓட்டாமல் கொஞ்சம் வையுங்கள், கடைசியில் ஒழுங்கைக்குள் மெல்ல ஒரு சுற்று. அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். கடித்துக் காயம் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிரதான வீதியில் ஏடிவி ஓட்டலாமா என்று கேட்ட மூன்று பேருக்கும்:

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். நான் பெட்டி செய்கிறவன்.

விலை கேட்டு எழுதிய எல்லோருக்கும்:

அளவு இல்லாமல் விலை சொல்ல முடியாது. ராக்கின் நீள அகலம், நாயின் மூக்கிலிருந்து வால் வரை உள்ள அளவு, புகைக் குழாய் எந்தப் பக்கம், இந்த மூன்றும் வேண்டும். வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. ‘எவ்வளவு வரும்’ என்று மட்டும் கேட்டால் பதில் வராது.