கேள்வி பதில்: 'ப்யன்' எப்படி 'ம்னா' ஆனது?

கேள்வி: அயர்லாந்தில் கழிப்பறைக் கதவுகளில் 'ஃபிர்', 'ம்னா' என்று எழுதியிருக்கிறதாம். ஐரிஷ் அகராதியிலோ பெண்ணுக்கு 'ப்யன்' என்றிருக்கிறது. இரண்டும் வேறு சொற்களா? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரே சொல்தான். ப்யன் ஒருமை, ம்னா பன்மை. முதலில் ஓர் எச்சரிக்கை: ம்னாவின் மூன்று எழுத்துகளும் ஆங்கில 'மேன்' சொல்லின் எழுத்துகளே, வரிசைதான் வேறு. அதைப் பார்த்து ஆண்கள் நுழைந்துவிடுவதுண்டு. ஆண்களுக்கு உரியது 'ஃபிர்'.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இச்சொல் 'க்வ' ஒலியில் தொடங்கியது. கிரேக்கத்தில் அது 'குனே' ஆனது. கைனகாலஜி அதிலிருந்து வந்தது. சமஸ்கிருத 'ஜனி', ஆங்கில 'குயின்' இரண்டும் இதே குடும்பம். ஐரிஷ் அடங்கிய கெல்டிக் மொழிகளில் 'க்வ', 'ப' ஆயிற்று ('கம்பம்' என்பதில் நடுவில் வரும் ப). ஒருமை எழுவாயில் ப-வுக்கும் ன-வுக்கும் இடையே உயிரொலி இருந்ததால் 'ப்யன்' நிலைத்தது. 'பெண்ணின்' என்னும் வேற்றுமை வடிவிலும் பன்மை எழுவாயிலும் அந்த உயிரொலி இல்லை. ப்-உம் ன்-உம் மோதின. கல்+மலை 'கன்மலை' ஆவதுபோல, பின்வரும் மெல்லினம் முன்னதையும் மெல்லினமாக்கியது: ப்னா, ம்னா. மேற்கிலும் வடக்கிலும் இன்று 'ம்ரா' என்றே உச்சரிக்கிறார்கள்.

கற்பவர்கள் இடறுவது உடைமைப் பொருளில்தான். 'அந்தப் பெண்' என்றால் 'அன் வ்யன்'. பெண்பால் என்பதால் முதலெழுத்து மென்மையாகிறது. ஆனால் 'அந்தப் பெண்ணின் பை' என்பது 'மாலா ந ம்னா'. இங்கே 'அன் வ்யன்' போடுவது பிழை. தனியே நிற்கும் 'ந ம்னா' 'அந்தப் பெண்கள்' என்றும் பொருள்படும். முன்னால் 'மாலா' (பை) போல உடைமையான ஒன்றின் பெயர் நிற்கிறதா என்று பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

'பெண்களின்' என்பதற்கு மூன்றாவது வடிவம், 'பன்'. 'ந' முன்னால் வந்தால் எழுத்தில் ப-வுக்கு முன் ம சேரும், ப ஒலிக்காது. 1914-இல் டப்ளினில் தொடங்கிய பெண்கள் அமைப்பின் பெயரை 'குமன் ந மன்' என்று படிப்பது இதனால்தான். எண்ணும்போதும் இவ்வடிவமே வேண்டும்: மூன்று பெண்கள் 'ட்ரூர் பன்'; 'ட்ரூர் ம்னா' அல்ல.

இத்தனை பெண்பால் விதிகளுக்கு நடுவே, சிறுமியைக் குறிக்கும் 'கலீன்' இலக்கணப்படி ஆண்பால்!