பழைய பாணி எலக்ட்ரிக் கிட்டார்: ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

பழைய பாணி கிட்டார் வாங்க ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரா (சுருக்கமாக ஸ்ட்ராட்), கிப்சனின் லெஸ் பாலா என்று சோமனூரில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால், முதலில் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் காந்தச் சுருளைச் சொல்லிவிடுகிறேன். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் கணீரென்று பேசும், ஆனால் சுற்றிலும் தறி மோட்டார் ஓடுகிற ஊரில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். லெஸ் பாலுக்கு 1957-இல் வந்த ஹம்பக்கர் என்ற பிக்கப்பில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் அந்த இரைச்சல் அடங்கிவிடும், ஒலியும் கொஞ்சம் தடிக்கும்.

அப்புறம் கழுத்து. ஸ்ட்ராட்டின் விரல் பலகைக்கு இருக்கும் பழைய 7.25 அங்குல ஆர வளைவு கார்டு பிடிக்கச் சுகம், ஆனால் மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டுகளில்) கம்பியை வளைத்தால் சுரம் செத்துப்போகும் (எனக்கு இதுதான் ஆகாது). ஆறு திருகு ட்ரெமலோ (அழுத்திச் சுருதியை ஆட்டும் நெம்பு) இருந்தால் நாலு தடவை அழுத்திவிட்டு, சுருதி திரும்புகிறதா என்று கோயமுத்தூர்க் கடையிலேயே பாருங்கள். பெயின்ட்டைத் தேய்த்துப் பழசாக்கி விற்பதற்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீங்க.