சிங்கப்பூரில் வேலையிடக் காயம்: மருத்துவச் செலவு யார் தலையில்?

கே: மேலிருந்து கம்பி விழுந்து தோள் எலும்பு முறிந்து 11 மாதம் ஆகிறது. இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். "லிமிட் முடிஞ்சது, இனி உன் செலவு" என்கிறது கம்பெனி.

ப: உடனே தலையாட்டிவிடாதீர்கள். வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டத்தில் சிகிச்சைக்கு இரண்டு வரம்புகள்: விபத்து நாளிலிருந்து ஒரு வருடம், அல்லது 45,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. (2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000.) உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தொகை தாண்டிவிட்டது என்றால், இதுவரை கட்டிய பில்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷனை அந்த ஒரு மாதத்துக்குள் வைக்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

வரம்பு முடிந்தாலும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு இன்னொரு பிடி உண்டு. சிங்கப்பூரில் இருக்கும்வரை அவருடைய மருத்துவச் செலவு முதலாளியுடையது; அது பெர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது. இதை எந்த சூப்பர்வைசரும் தானாக வந்து சொல்லமாட்டார்.

கே: ஹெல்மெட் போடாதது என் தப்பு. கேஸ் நிற்குமா?

ப: நிற்கும். இந்தச் சட்டம் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. குடித்திருந்தாலோ சண்டை போட்டிருந்தாலோ வேறு கதை.

கே: எம்.சி. (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) நாட்களுக்கு பேசிக் சம்பளம் மட்டும் தருகிறார்கள்.

ப: ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலைச் சம்பளம்) சேர்த்த மாதச் சராசரிதான் கணக்கு. பேசிக் 600, ஓ.டி.யோடு 1,100 வாங்கியவருக்கு இது பெரிய வித்தியாசம். வெளிநோயாளி எம்.சி. என்றால் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுச் சம்பளம். அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருடம் வரை. பே ஸ்லிப், எம்.சி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கே: பெர்மிட்டை கேன்சல் செய்து டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். சிகிச்சை பாதியில் நிற்கிறது.

ப: பெர்மிட் போனாலும் இழப்பீட்டு உரிமை போகாது. விமானம் ஏறும் முன் மனிதவள அமைச்சுக்குச் சொல்லுங்கள். விமான நிலையம் வரை வந்துவிட்டாலும் குடிநுழைவு அதிகாரியிடம் சொல்லலாம். ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) கிடைத்தால் தங்கிச் சிகிச்சை பெறலாம், வேலை செய்யக்கூடாது. நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் மதிப்பிட்ட பிறகு ஊருக்குப் போவது நல்லது. ஊனத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு, சிகிச்சைக்கான வரம்புத் தொகையில் சேராது.