தொடுதிரை மாதிரிக் கருவியைப் பயனர்களிடம் சோதிக்க எத்தனை பேர் வேண்டும்? எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் சொல்லவில்லை என்றாலும், பொறியியல் இறுதியாண்டு மாணவர் என்றும், மதிப்பாய்வுக் குழு "குறைந்தது முப்பது பேரிடம் கருத்துக் கேட்டு வாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். அந்த முப்பது எங்களையும் விட்டுவைக்கவில்லை. சோதனையின் முடிவைக் கொண்டு கருவியில் எதை மாற்றப் போகிறீர்கள் என்பது தெரியாத வரை, முப்பதும் முந்நூறும் ஒன்றுதான்.

குறைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஐந்து பேர் போதும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். கருவிகள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே வரும் குறை என்றால், அதே ஐந்து பேரிடம் அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். மேலும், அந்த ஐந்து பேர் ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும். காப்பித் தோட்டத்துக்கான எங்கள் கருவிக்குப் பழம் பறிப்பவர்கள் ஒரு வகை, கணக்குப்பிள்ளை வேறு வகை. இருவரையும் ஒரே பட்டியலில் கலப்பதற்கு நான் உடன்படவில்லை.

எங்கள் மாதிரி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் எடை போடும் இடத்துக்காகச் செய்யப்பட்டது. அங்கே பறிப்புக்குக் கிலோ கணக்கில்தான் கூலி என்பதால், மாலையில் மூட்டை தராசில் ஏறும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அன்றைய உழைப்பின் கணக்கு முடிகிறது. மின்தராசோடு இணைந்த டேப்லெட்டில் பறித்தவர் தம் படத்தைத் தொட்டால், அன்றைய எடையும் வாரத்து மொத்தமும் திரையில் தெரியும், குரலாகவும் ஒலிக்கும்.

பணம் கொடுத்த தரப்பினர் சோதனையை மே மாதம் கோடை விழாவை ஒட்டி வைக்கச் சொன்னார்கள்; அதிகாரிகள் எல்லாரும் அப்போது மலைக்கு வருவார்களாம். செடியில் பழமே இல்லாத மாதத்தில், ஒரு கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கருவியைத் தொடச் சொன்னால் யாருக்கும் சிரமம் இருக்காது, ஆனால் அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவும் வராது. பழம் எடுப்பது நவம்பர் முதல் ஜனவரி வரை என்பதால், டிசம்பர் மாலையிலேயே வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதற்காக எனக்குக் கிடைத்த பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

டிசம்பரில் மூடுபனியும் தூறலும் இருந்தன. தொடுதிரை விரலின் மின்தேக்கத்தை, அதாவது மின்னூட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் தன்மையை, உணர்ந்து வேலை செய்வது. கண்ணாடியில் நீர் படிந்தால் விரல் எது, நீர் எது என்று பிரித்தறிய அதற்குத் தடுமாற்றம் வரும். போதாததற்கு, பழச்சாறு ஒட்டிய விரல்கள் வேறு. ஓர் அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் தொட்டார், திரை அசையவில்லை. விரல் கணுவால் தட்டினார். பக்கத்தில் நின்றவரின் படம் திறந்து, அவருடைய எடையைக் குரல் ஊருக்கே கேட்கும்படி சொன்னது. பிறகு கருத்துக் கேட்டபோது அந்த அம்மா சொன்னது: "நல்லாத்தானுங்க இருக்குது. என் கைதான் ஈரம்." கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால், இதையும் ஒரு பாராட்டாகவே எண்ணியிருப்போம்.

இது நம் மக்களின் பெருந்தன்மை என்று விட்டுவிட முடியாது. அளந்து காட்டப்பட்ட விஷயம். 2012-இல் வெளியான, பெங்களூருவில் 450 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பங்களில், பேட்டி எடுப்பவர் உருவாக்கியது என்று நம்பியதையே மக்கள் இரண்டரை மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பேட்டி எடுத்தவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றபோது அது ஐந்து மடங்காயிற்று. ஆகவே, கருவியைச் செய்தவர் பேசக் கூடாது. அது அவருடையது என்று தெரியவும் கூடாது. மேஸ்திரியும் கணக்குப்பிள்ளையும் காதுக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். படத்தைத் தொடும் வகை, அட்டையைக் காட்டும் வகை என்று இரண்டை வைத்து, பாதிப் பேருக்கு முதலில் அதையும் மீதிப் பேருக்கு முதலில் இதையும் கொடுத்தோம். இல்லையென்றால் இரண்டாவதாக வருவது பழக்கத்தினாலேயே எளிதாகத் தோன்றும். "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லாமல், "இந்த வாரம் மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னோம். எத்தனை நேரம் தடுமாறினால் உதவலாம் என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மனம் பொறுக்காமல் கை நீண்டுவிடும்.

மதிப்பெண் இல்லாமல் ஆய்வா என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். ஒரு கருவி பயன்படுத்த எளிதா என்பதை மதிப்பெண்ணாக அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாள் நல்ல கருவிதான். நான் அதற்கு எதிரி அல்லன். ஆனால் அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை வாக்கியம். படித்துப் பழக்கமில்லாத ஒருவரிடம் அதை வாய்மொழியாகக் கேட்டு, "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றால், மரியாதைக்கு "ஆமாங்க" என்றுதான் வரும். உதவியில்லாமல் முடித்தாரா, எங்கே நின்றார், யாருடைய படத்தைத் தவறித் தொட்டார் என்பதை எண்ணுவதே எங்களுக்குப் பயன்பட்டது. இரண்டு வகைகளில் எது வேகமானது என்று புள்ளியியல்படி நிறுவ வேண்டுமென்றால் ஆட்கள் அதிகம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. அது வேறு ஆய்வு, வேறு திட்டம்.

கடைசியாக, கூலி. எடை போடும் வரிசையில் ஒருவரை அரைமணி நேரம் நிறுத்தினால், அவர் வீடு திரும்பும் ஜீப் போய்விடும். பகலில் நிறுத்தினால் கிலோ குறையும். இதை ஈடுகட்ட நான் எழுதிய தொகையை, "பணம் கொடுத்தால் கருத்து கெட்டுவிடும்" என்று சொல்லி எங்கள் நிதிப் பிரிவு அடித்துவிட்டது. பார்வையிட வந்தவர்களின் காரும் மதிய உணவும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கையெழுத்தாயின, அவர்கள் கருத்து கெடவில்லை போலிருக்கிறது. உங்கள் திட்டத்தில் இந்தத் தொகையை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒப்புதல் வாங்கியவுடன், கருவியைத் தொடுவதற்கு முன்பே கொடுத்துவிட்டு, பாதியில் எழுந்து போனாலும் அது அவருடையதுதான் என்று சொல்லிவிடுங்கள்.