அது ஹாட் ராட் அல்ல, லெட் ஸ்லெட்

வணக்கம். லாஸ் ஏஞ்சலஸில் நீங்கள் படம் எடுத்த 1949 மெர்க்குரி காரை ஒரு நண்பர் ஹாட் ராட் என்கிறார், இன்னொருவர் லோரைடர் என்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. அது கஸ்டம் வகை, அதாவது தோற்றத்துக்காக உருமாற்றிய கார். அதிலும் லெட் ஸ்லெட்.

கூரையைப் பாருங்கள். தூண்களை வெட்டிக் குறுக்கிக் கூரையை இறக்கியிருக்கிறார்கள். கதவில் கைப்பிடி இல்லை, முகப்பில் சின்னம் இல்லை. அந்தக் காலத்தில் இப்படி நீக்கிய இடங்களிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் ஈயத்தை இளக்கிப் பூசி, அரத்தால் ராவிச் சமப்படுத்துவார்கள். பெயரில் உள்ள ‘லெட்’ அந்த ஈயம்தான்; ‘ஸ்லெட்’ என்றால் சறுக்குவண்டி. எத்தனை பொறுமை வேண்டும்! எல்லாம் அழகுக்காக, வேகத்துக்காக அல்ல.

ஹாட் ராட் நேர்மாறானது, வேகத்துக்காக மாற்றிய பழைய கார். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டியவர்கள் எடையைக் குறைக்க மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். 1932 ஃபோர்டும் அதன் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினும் அவர்களுக்கு உயிர். ஸ்ட்ரீட் ராட் (சாலையில் ஓட்டுவதற்காக மாற்றிய பழைய கார்) என்றும் சொல்ல முடியாது: மரபாக 1948 வரையிலான மாடல்களையே அப்படிச் சொல்வார்கள், இந்த மெர்க்குரி ஓராண்டு பிந்தியது.

லோரைடர் என்று தோன்றியது இயல்புதான், இரண்டுமே தரையை ஒட்டி நிற்கும். ஆனால் லோரைடர், மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் வளர்த்த கலை. செவ்ரோலெட் இம்பாலா, சிறிய கம்பிச் சக்கரங்கள், பளபளக்கும் வண்ணக் கோலங்கள். கூரையைப் பெரும்பாலும் வெட்டமாட்டார்கள். டிக்கியில், காரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புகளும் பாட்டரிகளும் வரிசையாக இருந்தால் ஐயமே வேண்டாம்.

எஞ்சின் படம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்க ஆசை. அது புதிய எஞ்சினாக இருந்தாலும் என் பதில் மாறாது.